கிளினிக் வாசலில் செபமாலை: தங்கைக்காகக் கேட்ட ஓர் அக்காவுக்குப் பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அக்கா கேட்ட கேள்வி இது. அவருடைய தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே பங்கில் தவக்காலம் முழுக்க, கருக்கலைப்பு செய்யும் கிளினிக் முன்னால் நாற்பது நாள் விழிப்புச் செபம் நடத்துகிறார்கள். தங்கை வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிற்கப் பெயர் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு விசாவில் ஏதாவது சிக்கல் வருமோ என்று பயம். "இது செபமா, போராட்டமா? திருச்சபை சொல்லித்தான் செய்கிறார்களா? போகச் சொல்லலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் அந்தப் பகுதியில் பதினாறு வருஷம் இருந்தேன். அதில் பாதிக் காலம் இப்படி நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். நம் ஊரில் கருக்கலைப்பு என்றதும் பெண் சிசு நினைவுதான் முதலில் வருகிறது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 1994-இல் ஸ்கேனில் பாலினம் சொல்லத் தடை வந்ததும் நம் கோவில் மறையுரைகளில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். மருத்துவமனை வாசலில் செபமாலையோடு நிற்கும் காட்சியை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. அமெரிக்காவில் இது ஐம்பது வருஷச் சண்டை. அங்கே நீதிமன்றம், தேர்தல், திருச்சபை, தெரு எல்லாம் இதற்குள் சிக்கிக் கிடக்கின்றன. உங்கள் தங்கை நிற்கப் போவது அந்தத் தெருவில்தான்.

1973 ஜனவரி 22-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோ வழக்கில் தீர்ப்புச் சொல்லி, கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமை ஆக்கியது. அதை எதிர்த்தவர்களில் கத்தோலிக்கர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் எதிர்ப்பு வேறு வடிவம் எடுத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து வழியை அடைப்பார்கள், போலீஸ் ஒவ்வொருவராகத் தூக்கி வண்டியில் ஏற்றும். அதை 'மீட்பு' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். உள்ளே போக வந்த பெண்ணுக்கோ, வழியை மறிக்கும் ஒரு கூட்டம்தான் தெரிந்தது.

நியூயார்க்கின் புரூக்ளினில் மோன்சிஞ்ஞோர் பிலிப் ரைலி என்ற குரு 1989-இல் வேறு வழியைத் தொடங்கினார். காலையில் கோவிலில் திருப்பலி. அது முடிந்ததும் செபமாலை சொல்லிக்கொண்டே கிளினிக் வரை நடப்பது. அங்கே வழியை மறிக்காமல் ஓரமாக நின்று செபிப்பது. அந்த நேரம் முழுவதும் கோவிலில் சிலர் நற்கருணை ஆராதனையில் இருப்பார்கள். அப்புறம் எல்லோரும் கோவிலுக்குத் திரும்பி நற்கருணை ஆசீர் பெற்றுக்கொண்டு கலைவார்கள். இன்று பல மறைமாவட்டங்களில் நடக்கும் விழிப்புச் செபத்துக்கு இதுதான் அச்சு. கோவிலில் தொடங்கி கோவிலிலேயே முடிவது இதில் முக்கியம். கோபத்தோடு போனவனையும் திருப்பி அழைத்து வந்து முழந்தாளிட வைத்துவிடும்.

உங்கள் தங்கை பெயர் கொடுத்திருக்கும் நாற்பது நாள் முறை 2004-இல் டெக்சாஸில் பிரையன், காலேஜ் ஸ்டேஷன் என்ற இரட்டை ஊர்களில் தொடங்கியது. தொடங்கியவர்கள் எல்லோரும் கத்தோலிக்கர்கள் இல்லை, பிற சபையினரும் இருந்தார்கள். நாற்பது நாளும் இரவு பகலாகக் கிளினிக் முன்னால் யாராவது ஒருவர் செபத்தில் இருப்பது, கூடவே உபவாசம், வீடு வீடாகச் சென்று பேசுவது என்பதுதான் திட்டம். 2007-லிருந்து பல நகரங்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை, தவக்காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. பெயர் கொடுக்கும்போதே ஒரு சமாதான உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். யாரையும் மிரட்டமாட்டேன், தொடமாட்டேன், வழியை மறிக்கமாட்டேன், சட்டத்தை மதிப்பேன் என்று இருக்கும். தங்கையை அதை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாஸ்டன் கதையைச் சொல்ல வேண்டும்.

1994 டிசம்பர் 30. கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம் இன்னும் முடியாத நாட்கள். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், பீக்கன் தெருவில், ஜான் சால்வி என்ற 22 வயது இளைஞன் ஒரு கிளினிக்கில் நுழைந்து சுட்டான். பிறகு அதே தெருவில் இன்னொரு கிளினிக்கிலும் சுட்டான். ஷானன் லோவ்னி, லீயேன் நிக்கல்ஸ் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். இருவரும் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர்கள். ஷானன் இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரியில் படித்தவர். ஐந்து பேர் காயமடைந்தார்கள். சால்வியும் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவன்.

அந்த நாளை நேரில் கண்ட வயதான பங்கு மக்கள் சிலரோடு நான் பழகியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் குரல் இறங்கிவிடும். "அந்த வாரம் செபமாலையைக் கையில் எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். உயிரைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் ஓர் உயிர் எடுக்கப்பட்டால், அந்தப் பெயரைச் சொல்லி நிற்கும் ஒவ்வொருவருக்கும் அதில் கணக்கு உண்டு என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது பாஸ்டன் பேராயராக இருந்த கர்தினால் பெர்னார்டு லா, கிளினிக் முன்னால் நிற்பதைச் சிறிது காலத்துக்கு நிறுத்தி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். செபத்தைக் கோவிலுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை. நியூயார்க்கில் கர்தினால் ஒகானர் அப்படி ஒரு நிறுத்தம் அறிவிக்க மறுத்தார். ஒரே திருச்சபை, ஒரே போதனை, இரண்டு கர்தினால்கள், இரண்டு முடிவு. "திருச்சபை சொல்லித்தான் செய்கிறார்களா?" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. கருக்கலைப்பு தவறு என்பது திருச்சபையின் போதனை, அதில் மாற்றம் இல்லை. கிளினிக் முன்னால் நிற்பது போதனை கிடையாது. அது பொதுநிலையினர் தாங்களாக எடுத்துக்கொள்ளும் ஒரு பக்தி முயற்சி, அவ்வளவுதான். ஆயர் ஊக்குவிக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். போகாதவர்கள் யாரும் குறைந்த கத்தோலிக்கர் ஆகிவிட மாட்டார்கள்.

(இதே கர்தினால் லா, சிறுவர்களைச் சீரழித்த குருக்களை மறைத்துக் காத்த விவகாரத்தில் 2002 டிசம்பரில் பதவி விலக நேர்ந்தது. பிறக்காத குழந்தைக்காகப் பேசிய தலைமை பிறந்த குழந்தைகளைக் காக்கவில்லை என்ற வலி அந்த ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு இன்னும் ஆறவில்லை. தெருவில் யாராவது இதைச் சொல்லித் தங்கையைத் திட்டினால், பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது உண்மை.)

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நடந்த இன்னொரு விஷயம் வெளியில் அதிகம் தெரியாது. 1995 செப்டம்பரில் ஆறு பெண்கள் ரகசியமாகச் சந்திக்கத் தொடங்கினார்கள். மூன்று பேர் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர்கள், அதில் ஒருவர் எபிஸ்கோபல் சபையின் பெண் குரு. மற்ற மூன்று பேர் எதிர்ப்பவர்கள், அதில் ஒருவர் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தின் வாழ்வு ஆதரவு அலுவலகத்தை நடத்தியவர். நான்கு தடவை மட்டும் பேசிப் பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அது ஐந்து வருஷத்துக்கு மேல் போனது, சுமார் 150 மணி நேரம். முதல் சண்டை வார்த்தையில்தான் வந்தது. ஒரு தரப்பு 'குழந்தை' என்றது, மறு தரப்பு 'கரு' என்றது. கடைசியில் இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லாமலே 'மனிதக் கரு' என்று ஒத்துக்கொண்டார்கள். 2001 ஜனவரியில் ஆறு பேரும் பெயர் போட்டு பாஸ்டன் குளோப் பத்திரிகையில் ஒன்றாக எழுதியபோதுதான் ஊருக்கே இது தெரிந்தது. யாரும் கட்சி மாறவில்லை. சொல்லப்போனால் அவரவர் நிலைப்பாடு இன்னும் உறுதியானது என்றே எழுதினார்கள். ஆனால் நடுவில் ஒரு காரியம் நடந்தது. சால்விக்கு ஆதரவாகப் பேச வர்ஜீனியாவிலிருந்து ஒரு போதகர் வரவிருந்தபோது, எதிர்ப்புத் தரப்புப் பெண்களே அவருக்குக் கடிதம் எழுதி, வராதே என்று சொன்னார்கள். அவர் வரவில்லை. அந்த ஒரு கடிதம் பத்து ஊர்வலத்துக்குச் சமம் என்பது என் எண்ணம்.

அடுத்து சட்டம். மாப்பிள்ளையின் பயத்துக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

1994-லிருந்தே, கிளினிக் வாசலை அடைப்பதும் உள்ளே போகிறவர்களை மிரட்டுவதும் மத்திய சட்டப்படி குற்றம். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் அதற்கு மேலும் போய், 2007-இல் வாசலைச் சுற்றி 35 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நடைபாதையில் கோடே போட்டு வைத்தார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் எலினார் மெக்கல்லன் என்ற பாட்டியம்மா முக்கியமானவர், எழுபது வயதைத் தாண்டியவர். வாரத்தில் இரண்டு காலை வேளைகள் பாஸ்டன் கிளினிக் முன்னால் நின்று, வரும் பெண்களிடம் மெல்லிய குரலில் 'உதவி வேண்டுமா?' என்று கேட்பவர். அப்படி 80 பெண்களுக்கு மேல் மனம் மாறியதாக அவருடைய கணக்கு. கோட்டுக்கு வெளியே நின்று கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டியிருக்கிறது, கத்தினால் நான் சொல்ல வந்ததே மாறிப்போகிறது என்பதுதான் அவருடைய வாதம்.

2014 ஜூன் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தச் சட்டம் செல்லாது என்று சொன்னார்கள். நடைபாதை பொதுமக்களின் இடம், அதை இவ்வளவு அகலமாக மூட வேண்டிய தேவையை மாநிலம் நிரூபிக்கவில்லை என்றது தீர்ப்பு. அதில் என் மனதில் தைத்த இடம் வேறு. வழியை அடைக்கும் அளவுக்குக் கூட்டம் சேர்வது பாஸ்டன் கிளினிக்கில், சனிக்கிழமை காலைகளில் மட்டும்தான் என்பது வழக்கு ஆவணங்களில் இருந்தது. மெக்கல்லன் அம்மா தனியாக நின்ற நாட்களில் பிரச்சினை இல்லை. நாங்கள் கூட்டமாகச் சேர்ந்த நாட்களில்தான் பிரச்சினை. நானும் சனிக்கிழமைக்காரன். தீர்ப்பை வாசித்த பிறகு எங்கள் பங்கிலிருந்து போகும் சிலர் வார நாளுக்கு மாறிக்கொண்டோம்.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே மாநிலம் புதுச் சட்டம் போட்டது. வழியை மறிப்பவர்களை 25 அடி தள்ளிப் போகச் சொல்லி போலீஸ் எழுத்தில் உத்தரவிடலாம். அதனால் தங்கை பொது நடைபாதையில் ஓரமாக நிற்கலாம், செபிக்கலாம். கிளினிக்குக்குச் சொந்தமான இடத்திலும், கார் நிறுத்துமிடத்திலும் கால் வைக்கக் கூடாது. கார் நுழையும் வழியில் நிற்கக் கூடாது. போலீஸ் நகரச் சொன்னால் கேள்வி கேட்காமல் நகர வேண்டும். இப்படி இருந்தால் விசாவுக்கு ஆபத்து வரக் காரணம் இல்லை. ஆனாலும் குடியேற்ற விஷயத்தில் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாத காலம் இது. மாப்பிள்ளைக்குப் பயம் தீரவில்லை என்றால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது. அதுவரை கோவிலில் ஆராதனையில் உட்காரும் பக்கத்துக்குத் தங்கை போகலாம். செபத்தில் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் கிடையாது. உறவினர் யாராவது இங்கிலாந்தில் இருந்தால் அமெரிக்க விதியை வைத்து நினைத்துவிட வேண்டாம். அங்கே 2024 அக்டோபர் 31 முதல் கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டருக்குள் யாருடைய முடிவிலும் தலையிடுவது குற்றம். மௌனமாகச் செபித்ததற்கே வழக்கு நடந்திருக்கிறது.

2022 ஜூன் 24-இல் ரோ தீர்ப்பே ரத்தாகிவிட்டதே, இனி எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்த ரத்தால் முடிவு ஒவ்வொரு மாநிலத்தின் கைக்கும் போனது, அவ்வளவுதான். மாசசூசெட்ஸில் எதுவும் மாறவில்லை. 24 வாரம் வரை அங்கே சட்டப்படி செய்துகொள்ளலாம். ஆனால் வேறு ஒன்று மாறிவிட்டது. 2023-இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகளில் 63 சதவீதம் மாத்திரை வழியாக நடந்தவை. வீட்டுக் குளியலறையில் தனியாக நடக்கும் ஒன்றுக்கு வாசல் ஏது? கட்டிடத்தின் முன்னால் நிற்கும் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் இதை இன்னும் யோசிக்கவில்லை.

நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மார்ச் மாதத்திலும் அங்கே குளிர் எலும்பில் இறங்கும். கையுறைக்குள் செபமாலை மணி தட்டுப்படாது. மணியை விட்டுவிட்டு விரலை மடக்கி எண்ணுவோம். செவ்வாய், வெள்ளி என்றால் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறைபொருள்கள். தலைமை தாங்குபவர் மெல்லச் சொல்வார், மற்றவர்கள் பதில் சொல்வோம். பஸ் போகும் சத்தத்தில் பாதி கேட்காது. சிலர் காரிலிருந்து கையைக் காட்டித் திட்டிவிட்டுப் போவார்கள். சிலர் காபி வாங்கி வந்து கொடுப்பார்கள்.

ஒரு காலையில் ஒரு பெண் வந்தார். கூட வந்தவர் தன் கோட்டைக் கழற்றி அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தார். மழை இல்லை. எங்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் அப்படி. எங்களோடு புதிதாக வந்த ஒருவர் அந்த நேரம் பார்த்து, "அம்மா, கொல்லாதே!" என்று உரக்கக் கத்திவிட்டார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு விம்மல் கேட்டது. கதவு மூடிக்கொண்டது. தலைமை தாங்கிய பெண்மணி அந்தப் பத்துமணியை முடித்துவிட்டு, கத்தியவரைத் தனியே அழைத்துப் போய், "நீங்கள் வீட்டுக்குப் போங்கள், இனி வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் எங்களிடம், "இன்று அவள் நம்மிடமிருந்து ஒளிந்துகொண்டு போனாள். நாம் யாருக்காக வந்தோம்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மீதியிருந்த செபமாலையை நாங்கள் எப்படிச் சொன்னோம் என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கோட்டு மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு. செபம் கடவுளைப் பார்த்துச் சொல்வது. உள்ளே போகிறவர் காதில் விழ வேண்டும் என்று உரக்கச் சொல்லப்படுவது செபமாலையே ஆனாலும் செபம் கிடையாது. ரத்தம் வடியும் படங்களைத் தூக்கி நிற்கும் குழுவோடு தங்கை நிற்க வேண்டாம். வருகிறவர்களைப் படம் எடுக்கும் யாராவது இருந்தால் அங்கே ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டாம். கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தை முதலில் தான் வாசிக்க வேண்டும். கருக்கலைப்பு செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று அச்சடித்த தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் அப்படித் தொடர்பு இல்லை என்று 2003-லேயே சொல்லிவிட்டார்கள். உயிரைக் காக்கப் போகிறவர்கள் பொய் சொல்லக் கூடாது, எட்டாம் கட்டளை நமக்கும் சேர்த்துத்தான். அதுபோல 'கர்ப்பகால உதவி மையம்' என்று யாரையாவது அனுப்பும் முன், அங்கே தகுதியான நர்ஸோ டாக்டரோ இருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று. 2014-இல் அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் 24 சதவீதம் பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள். நான்கில் ஒருவர். அந்த நாட்டுக் கத்தோலிக்கர்களில் பத்துக்கு ஆறு பேர் இது சட்டப்படி இருக்கலாம் என்றே கருத்துக் கணிப்புகளில் சொல்கிறார்கள். அதனால் வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள் யாரோ, வெளியே இருப்பவர்கள் நாம் என்ற கணக்கு பொய். கோட்டுக்குள் ஒளிந்து போனவர் ஞாயிறு திருப்பலியில் உங்கள் தங்கைக்குப் பக்கத்தில் உட்காருகிறவராக இருக்கலாம். சமாதானம் சொல்லும்போது கை கொடுக்கிறவராக இருக்கலாம்.

திருச்சபை இதை எப்போதோ புரிந்துகொண்டது. மில்வாக்கியில் 1984-இல் தொடங்கிய 'ராகேல்' பணி, கருக்கலைப்பு செய்துகொண்டு உள்ளுக்குள் அழுகிறவர்களுக்கானது. யாருக்கும் தெரியாமல் போன் செய்யலாம், பயிற்சி பெற்ற குருவோ ஆலோசகரோ பேசுவார்கள். பாஸ்டனிலும் உண்டு. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் இந்தப் பெண்களிடமே நேராகப் பேசி, மனம் தளர வேண்டாம், நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகவே கொடுத்துவிட்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எந்தக் குருவிடமும் போகலாம். தங்கையின் கையில் பிரசுரம் இருக்க வேண்டுமென்றால் இந்தச் செய்தி உள்ள பிரசுரம் இருக்கட்டும்.

போகச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். போகட்டும். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அங்கே நின்றால், இன்னொரு மணி நேரம் வேறு இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். 2020-லிருந்து அமெரிக்க ஆயர் பேரவை, சிரமத்தில் இருக்கும் தாய்மாரோடு பங்குகளே கூட நடக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. எங்கள் பங்கில் அது நிலவறையில் ஒரு அலமாரியாகத்தான் ஆரம்பித்தது. டயப்பர், பால் பவுடர், காருக்கான குழந்தை இருக்கை. பிறகு ஒரு நாள் ஒரு பெண் வந்து, "எனக்கு டயப்பர் வேண்டாம். வாடகை கட்டவில்லை, வியாழக்கிழமை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்" என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று புரிந்தது. பங்குத்தந்தை அன்று மாலையே நான்கு பேருக்குப் போன் போட்டார். மூன்று மாத வாடகை சேர்ந்தது. அந்தப் பெண் பிறகு எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்புக்கு உதவியாக வந்தார். கிளினிக் முன்னால் அவர் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. கோவில் கடையில் விரலில் போடும் மோதிரச் செபமாலை கிடைக்கும், சுற்றிலும் பத்துப் புடைப்பு இருக்கும். அதை விரலில் போட்டுக்கொண்டு மேலே கையுறை மாட்டினால் கட்டைவிரலால் நகர்த்தி எண்ணலாம். உள்ளே ஒரு கம்பளிக் காலுறை, மேலே இன்னொன்று என்று இரண்டு போடச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் காலைத்தான் மறந்துவிடுகிறார்கள்.